வேலையை விட்டவர் பொங்கல் வாழ்த்து போட்டபோதுதான் தெரிந்தது

பொங்கலன்று காலை எட்டரை மணி. ஆபீஸில் எல்லாரும் பேசிக்கொள்ளும் சாட் ஆப்பான ஸ்லாக்கில் வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடுவில் கரும்புக் கட்டுப் படம் ஒன்று, "அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்" என்று. போட்ட பையன் ஆடி மாசமே வேலையை விட்டுத் திருப்பூர் போனவன்.

போன் செய்து கேட்டேன். "ஆப் அப்படியேதாண்ணே இருந்துச்சு, லாக் அவுட் ஆகவே இல்ல. தப்பா?" என்றான். பாவம், அவன் மேல் தப்பே இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே அவன் கணக்கை மூடிவிட்டதாக நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்று அமெரிக்காவில் ஒரு க்ளையன்ட்டிடம் இருக்கிறது. அதை நினைத்ததும் பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை.

நாங்கள் காரைக்குடியில் மெடிக்கல் பில்லிங் செய்கிறோம். ஏறக்குறைய 140 பேர். பழைய நகரத்தார் வீடு ஒன்றின் வளவில்தான் எங்கள் மேசைகள். யாருக்கு எதில் அனுமதி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்ப்பது யார், போனவர் கணக்கு எப்போது மூடப்படுகிறது என்று க்ளையன்ட் கேட்டார்கள். அதற்காகத்தான் ஐடென்டிட்டி கவர்னன்ஸ் மென்பொருள் வாங்கினோம். முதலாளிக்கு விளக்கப் போனால் அவர் சிரித்தார். "இந்த வீட்டுச் சாவி எந்தப் பங்காளி கையில இருக்குன்னு எங்க அப்பச்சி நோட்டுப் போட்டு எழுதி வச்சிருந்தாரு தம்பி. அதுதானே?" அதேதான்.

அந்த மென்பொருளை ஸ்லாக்கோடு இணைத்துக் கொடுக்க வெளியூர் நிறுவனம் ஒன்று வந்தது. 3,80,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அறுபது சதவீதம் முன்பணம். கொட்டேஷனில் "ஸ்லாக் கனெக்டர், முழு ஆட்டோமேஷன்" என்று எழுதியிருந்தார்கள், அதாவது இரண்டையும் இணைத்து எல்லாம் தானாக நடக்கும் என்று. டெமோ நாளில் திரையில் ஸ்லாக் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நானும் தலையாட்டினேன்.

பொங்கல் லீவு முடிந்த கையோடு உட்கார்ந்து தோண்டினேன். இணைப்பே இல்லை. அவர்கள் ஆள் ஒருவர் ஸ்லாக்கிலிருந்து உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி என்ற வெறும் அட்டவணை ஃபைலாக இறக்கி, அதை மென்பொருளில் ஏற்றியிருக்கிறார். ஃபைல் பிழையில்லாமல் ஏறினாலும் விளக்கு பச்சைதான். எங்கள் மேனேஜர்கள் மென்பொருளில் "நீக்கு" என்று அழுத்தியதெல்லாம் ஸ்லாக்குக்குப் போகவில்லை. ஃபைல் வழியாக வரும் கணக்கை மென்பொருளால் தானாக மூட முடியாது, யாராவது கையால் மூடட்டும் என்று ஒரு வேலைச் சீட்டுப் போடும். அந்தச் சீட்டுகள் எல்லாம் அவர்களுடைய இன்ஜினியர் பெயரில் குவிந்திருந்தன. அவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மொத்தம் 17 சீட்டு, ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. அந்தப் பதினேழில் 14 பேர் இன்னும் ஸ்லாக்குக்குள் இருந்தார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், நாங்கள் வைத்திருந்தது ஸ்லாக்கின் ப்ரோ பிளான். ஆள் சேர்ப்பதையும் நீக்குவதையும் வெளியிலிருந்து தானாகச் செய்ய ஸ்கிம் என்ற வழி வேண்டும். புது வித்தை ஒன்றும் இல்லை, அதன் 2.0 வடிவம் 2015-லேயே வந்துவிட்டது. ஸ்லாக்கில் அது ப்ரோவுக்கு மேலே உள்ள பிசினஸ் பிளஸ் பிளானிலிருந்துதான் கிடைக்கும். கம்பெனியின் ஒரே லாகினில் எல்லா ஆப்பிலும் நுழையும் சாம்ல் வழி சிங்கிள் சைன்-ஆனும் அப்படித்தான். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் பிளானை மாற்றியிருப்போம், இல்லை வேண்டாம் என்றிருப்போம். சொன்னால் ஆர்டர் கைநழுவும் என்று பயந்திருக்கிறார்கள், வேறென்ன.

கேட்டதற்கு வந்த பதில்: "ஃபைல் கனெக்டரும் கனெக்டர்தானே சார்." அப்படியானால் முழு ஆட்டோமேஷன்? "அது ஃபேஸ் டூ." கொட்டேஷனில் ஃபேஸ் ஒன்று, இரண்டு என்று எங்கேயும் இல்லை.

பணத்தைவிட வலித்தது க்ளையன்ட்டுக்கு எழுதிய கடிதம்தான். முன்பு அனுப்பிய அறிக்கைகள் தவறு என்று நாமே ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். போனவர்களின் ஆபீஸ் மெயிலை அன்றன்றே மூடியிருந்தோம். ஆனால் போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் ஸ்லாக்கை அது தொடாது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

அப்புறம் பிளானை மாற்றி, ஸ்கிம் இணைப்பை நானே போட்டேன். அதிலும் ஒரு குழி உண்டு. இணைப்புக்குச் சாவி மாதிரி ஒரு டோக்கன் வேண்டும், அதை யார் கணக்கிலிருந்து எடுக்கிறோமோ அந்தக் கணக்கை மூடினால் டோக்கனும் செத்துவிடும். வந்த இன்ஜினியரின் கணக்கில் எடுத்திருந்தால், அவர் போன அன்றே இணைப்பும் போயிருக்கும். தனியாக ஓர் ஓனர் கணக்கு வைத்து அதில்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, ஆரம்ப காலத்தில் சிலரைச் சொந்த ஜிமெயில் முகவரியில் சேர்த்திருந்தோம். எச்.ஆர். பட்டியலோடு அவை பொருந்தாமல் அநாதைக் கணக்காக நின்றன. ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்ய நாலு நாள் ஆனது.

இப்படி வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைசித் தவணை தருவதற்கு முன் ஒரு டம்மி ஊழியரை உருவாக்கச் சொல்லுங்கள். அவர் பெயரில் உங்கள் போனில் ஸ்லாக்கைத் திறந்து வையுங்கள். எச்.ஆர். மென்பொருளில் அவரை "விலகினார்" என்று மாற்றிவிட்டு, யாரும் எதையும் தொடாமல் அந்தப் போனில் ஸ்லாக் லாக் அவுட் ஆகிறதா என்று பாருங்கள். நான் அன்றைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தால் போதும். டேஷ்போர்டைப் பார்த்து ஏமாந்தேன்.

நாற்பது சதவீதப் பாக்கியை நிறுத்திவைத்திருக்கிறோம். கொடுத்த முன்பணம் வருமா என்று தெரியவில்லை. வணிகத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் மன்றம் சரிப்படாது, சிவில் வழக்குதான் என்றார் வக்கீல். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது இதே மாதிரி கொட்டேஷனைக் கையில் வைத்திருந்தால் நேரில் வாருங்கள், மெயில்களையும் அந்தப் பதினேழு சீட்டுகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுகிறேன்.