ஃபோர்குளோஷரை (கடன் பாக்கிக்காக வீடு ஏலத்துக்குப் போவதை) நிறுத்தித் தருகிறோம் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் தவணை பாக்கி விழுந்து தவிக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் அண்ணனுக்கு வேலை போய்த் தவணை நின்றதும், எப்படித்தான் தெரிந்துகொண்டார்களோ, ஒரு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கழுகு முத்திரை எல்லாம் போட்டு, பார்த்தால் ஏதோ அரசுத் துறை அனுப்பியது போலவே இருந்தது. அரசு உதவித் திட்டத்தில் சேர்த்துத் தவணையைக் குறைத்துத் தருகிறோம், எங்களிடம் வக்கீல் இருக்கிறார் என்று முன்பணம் வாங்கினார்கள். அதைவிடக் கொடுமை, இனி பேங்குக்குப் பணம் கட்டாதீர்கள், பேங்கிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று சொன்னதுதான். அண்ணி எப்போது கேட்டாலும் "ஃபைல் ரிவியூவில் இருக்கிறது" என்ற ஒரே பதில். ஏலத் தேதி குறித்து நோட்டீஸ் வந்தபிறகு பேங்கில் விசாரித்தால், அண்ணன் பெயரில் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

வேலை முடியும் முன்பே இப்படிக் காசு வாங்குவது 2011 முதலே அங்கே சட்டவிரோதம். கடன் கொடுத்தவர் புதிய நிபந்தனைகளை எழுத்தில் தந்து, நீங்களும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கட்டணம் கேட்கலாம். வக்கீல்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு, அதனால்தான் இவர்கள் வாயைத் திறந்தாலே வக்கீல் என்கிறார்கள். பேங்கோடு பேசாதே என்று சொல்வதற்கும் தடை இருக்கிறது. ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே உதவி கேட்கும் முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், அதைப் பரிசீலித்து முடிவு சொல்லாமல் பெரிய கடன் நிறுவனங்கள் வீட்டை ஏலம் விட முடியாது. அந்த வாய்ப்பைத்தான் இவர்கள் இழுத்தடித்தே பாழாக்கினார்கள்.

தவணை கட்டாதவருக்கு வரிப்பணத்தில் ஏன் உதவ வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். வேலை போவதும் நோய் வருவதும் யார் கையிலும் இல்லை, உதவத்தான் வேண்டும். ஆனால் அந்த உதவி கைக்கு எட்ட வேண்டும் அல்லவா? 2009-ல் ஹேம்ப் என்ற தவணைக் குறைப்புத் திட்டத்தை 30, 40 லட்சம் குடும்பங்களுக்கு என்று அறிவித்தார்கள், 2016-ல் முடிந்தபோது நிரந்தரமாகத் தவணை குறைந்தது அதில் பாதி அளவுக்குத்தான். கொடுத்த பேப்பர் தொலைந்துவிட்டது, திரும்ப அனுப்புங்கள் என்று அலைக்கழிக்கப்பட்டவர்கள் ஏராளம். அப்படி அலுத்துப்போனவர்களைத்தான் இந்த இடைத்தரகர்கள் குறிவைக்கிறார்கள். உதவித் திட்டம் அறிவிக்கும் அரசு இவர்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஆலோசகர்கள் ஃபோர்குளோஷர் விஷயத்தில் இலவசமாகவே உதவுகிறார்கள், முதலில் அவர்களிடம் போங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் கடிதம், ரசீது எதையும் தூக்கிப் போடாமல், நுகர்வோர் மோசடிகளை விசாரிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியிலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அப்புறம், பேங்குக்கு இன்றே நீங்களே போன் செய்து, உங்கள் விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.