இரவு எட்டரை மணி வகுப்பு: பலகையா, பேச்சா, நினைவா?

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அறை. மராத்தி எழுதப் படிக்க இரவு எட்டரைக்குப் பதினான்கு பேர் வருகிறார்கள். எல்லோரும் நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்பவர், தோல் பட்டறையில் பகல் முழுவதும் குனிந்து தைப்பவர், நான்கு வீட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டு வருபவர். இவர்கள் மனம் பாடத்தில் நிற்க மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பலகையில் எழுதிப்போட்டு நோட்டில் எழுதச் சொல்வது முதல் வழி. வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பக் கூடாது. ஒருநாள் இட்லி விற்கும் அக்காவின் நோட்டைப் பார்த்தேன். ஐந்து வரிசை மராத்தி ‘க’ ஒழுங்காக இருந்தது. ஆறாவது வரிசையில் எழுத்தின் தலைக்கோடு சரிந்துகொண்டே போய், தாளின் ஓரத்தில் வெறும் கீறலாக முடிந்திருந்தது. தூங்கியபடியே எழுதியிருக்கிறார். ஆனாலும் இதை நான் கைவிடவில்லை. படியேறி வந்த களைப்பு ஆற முதல் பத்து நிமிடம் இது உதவுகிறது. அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பேசவைப்பது. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தது இப்படித்தான். செங்கல் போன்ற அன்றாடச் சொல் ஒன்றைப் பிரித்து, அதன் அசைகளிலிருந்து புதுச் சொற்களை அவர்களே கட்ட வேண்டும். எங்களுக்கு வாய்த்த சொல் ‘பாணி’, மராத்தியில் தண்ணீர். சொன்ன மாத்திரத்தில் அறை விழித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வராத நாள், குடத்துக்கு நடந்த சண்டை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பா, பி, பு என்று நானும் எழுதிக்கொண்டே போனேன். மறுவாரம் கேட்டால், சண்டை நினைவிருக்கிறது, எழுத்து நினைவில்லை! தூக்கத்தை விரட்ட இதற்கு இணை இல்லை. எழுத்தை மனத்தில் நிறுத்த இது மட்டும் போதாது.

மூன்றாவது, நோட்டை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பகலெல்லாம் உழைத்த உடம்புக்கும் இது பொருந்துமா என்று தயங்கித்தான் தொடங்கினேன். பஸ் எண்ணை எடுத்துக்கொண்டோம். மும்பை நகரப் பேருந்தான பெஸ்ட் பஸ்ஸின் முகப்பில் தேவநாகரி, அதாவது மராத்தி எழுத்து முறையின், இலக்கங்களைக் காணலாம். அதில் ஒன்று என்ற இலக்கம் (१) நம் கண்ணுக்கு ஒன்பது (9) போலவே தெரியும். ஒருவர் சொல்ல, மற்றவர் பார்க்காமல் எழுதி, இருவரும் சேர்ந்து சரிபார்ப்பார்கள். தவறாக எழுதினால் தவறான பஸ்ஸில் ஏறுவோம் என்பது தெரிந்திருந்ததால் பெரும்பாலும் யாரும் கண்ணயரவில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. நாற்பது வயதில் நாலு பேர் முன்னால் பிழை செய்வது வலிக்கும். அதனால் யாரையும் பலகைக்கு அழைப்பதில்லை. மாமியாரையும் மருமகளையும் ஒரே ஜோடியில் உட்காரவைப்பதும் இல்லை. ஒருமுறை உட்காரவைத்து, இருவருமே இரண்டு வாரம் வராமல் போனார்கள். அந்தத் தவறு என்னுடையது.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் மூன்றாவதைத்தான் எடுப்பேன். நேரம் இருந்தால் பத்து நிமிடம் பலகை, அரை மணி பேச்சு, மீதி முழுவதும் நினைவு.

ஆனால் இட்லி அக்காவுக்கு இந்த மூன்றுமே இரவில் பலிக்கவில்லை. மூன்றரைக்கு எழுகிறவரிடம் ஒன்பது மணிக்கு எந்த வழியும் செல்லாது. எப்போது வசதிப்படும் என்று கேட்டேன். “மத்தியானம் இரண்டு மணிக்கு வையுங்கள் டீச்சர். அரிசி ஊறுகிற வரைக்கும் எனக்கு வேலை இல்லை” என்றார். அவரைப் போல இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் அவர்களுக்கு இரண்டு மணி வகுப்பு.