கிரீம் இயந்திரத்துக்கு எண் உண்டு, கல் சுத்திக்கு இல்லை: ஒரு பிரெய்ரி அருங்காட்சியகம்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால், பிரெய்ரி என்கிற புல்வெளிச் சமவெளியில் வரும் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு குறையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம் சம்பளமில்லாமல் பதினோரு பேர் நடத்துகிற இடம். அவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பெயர் போட்டுக் குறை சொன்னால் அது அவர்களைத்தான் போய்ச் சேரும். சஸ்காட்சுவான் மாகாணத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் உண்டு. பெரும்பாலானவை இதே போலச் சிற்றூர்களில், இதே போலத் தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கின்றன. அதனால் நான் எழுதுவது அந்தப் பக்கம் போகிற எவருக்கும் பயன்படும்.

நான் முப்பத்தொரு வருஷம் ஓர் அருங்காட்சியகத்தில் பதிவேடு எழுதியவன். ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் முதலில் பொருளைத் திருப்பி, அடியில் எண் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். எண் இல்லாத பொருள் அநாதை. யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதி வைக்காவிட்டால் இருபது வருஷத்தில் அது வெறும் மரம், வெறும் இரும்பு.

இங்கே எண் இருந்தது. கொடுத்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது பொருள் என்று மூன்று பகுதி. பொருளின் மேல் நேராக எழுதாமல், முதலில் பாரலாய்ட் பி-72 என்கிற தெளிந்த பூச்சு ஒரு கோடு, அதன் மேல் மையால் எண், அதற்கு மேல் மறுபடி ஒரு பூச்சு. வேண்டாதபோது அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் எண் போய்விடும், பொருளுக்கு ஒன்றும் ஆகாது. பெரிய நகரத்து நிறுவனங்களிலேயே எல்லா இடத்திலும் இந்த ஒழுங்கைப் பார்த்ததில்லை. யார் செய்தது என்று கேட்டேன். எண்பத்தொரு வயது அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கை தூக்கினார். ஒவ்வொரு குளிர்காலமும் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷத்தில் முடித்தாராம்.

பழைய செங்கல் பள்ளிக்கூடம்தான் முக்கியக் கட்டடம். அதன் பின்னால் வேறு இடங்களிலிருந்து இழுத்து வந்து வைத்த ஒற்றை அறைப் பள்ளி, சின்ன ரயில் நிலையம், கொல்லன் பட்டறை. கடைசியில் இவர்களே கட்டிய ஒரு சாட் வீடு. புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக உழுது எடுத்து, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிய வீடு. மரமே இல்லாத சமவெளியில் வந்திறங்கியவர்களுக்குக் கிடைத்த ஒரே செங்கல் அதுதான். மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். அசல் வீடு பார்க்க விரும்புகிறவர்கள் கின்டர்ஸ்லி பக்கம் போகலாம். ஜேம்ஸ் அடிசன் என்பவர் 1909க்கும் 1911க்கும் இடையில் கட்டியது இன்னும் நிற்கிறது.

அதிக நேரம் நின்றது நில வரைபடத்தின் முன்னால். ஒரு டவுன்ஷிப் என்றால் 36 சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், ஒரு குடும்பத்துக்கு. 1872ஆம் வருஷத்து டொமினியன் நிலச் சட்டப்படி பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். மூன்று வருஷம் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது காட்டினால் பட்டா. 8ஆம் சதுரமும் 26ஆம் சதுரத்தின் பெரும்பகுதியும் ஹட்சன் பே கம்பெனி என்கிற பழைய வணிக நிறுவனத்துக்கு. 11, 29 பள்ளிக்கூடச் செலவுக்கு விற்க ஒதுக்கியவை. இந்த வரைபடத்தில் ஒவ்வொரு கால் சதுரத்திலும் பென்சிலில் பெயர். பல பெயர்கள் அடித்திருக்கிறது, பக்கத்தில் வேறு பெயர், சில இடத்தில் அதையும் அடித்து மூன்றாவது. ஒரு சதுரத்தில் நான்கு பெயர் எண்ணினேன். குடியேற்றக் கதையில் வெற்றி பெற்றவர்களின் படம்தான் எங்கும் மாட்டியிருக்கும். தோற்றுப் போனவர்களின் பெயரை இங்கே அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் கோதுமை. மார்க்விஸ் ரகம். ரெட் ஃபைஃப் என்கிற பழைய ரகத்தையும் ஹார்ட் ரெட் கல்கத்தா என்கிற இந்தியக் கோதுமையையும் ஒட்டிப் பிறந்தது. அரசாங்கத் தானிய விஞ்ஞானி சார்ல்ஸ் சாண்டர்ஸ் அதைத் தேர்ந்தெடுத்தார். 1907இல் இந்த மாகாணத்து இண்டியன் ஹெட் பண்ணையில் சோதித்தார்கள். ரெட் ஃபைஃபைவிட முன்னதாக விளைந்ததால் முதல் உறைபனிக்கு முன்னே அறுத்துவிட முடிந்தது. கனடாவின் பிரெய்ரிக்குச் சோறு போட்ட பயிரின் ஒரு தாய்வழி நம் நாட்டுக் கோதுமை என்று தெரிந்தபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பா, இதுக்காகவே வந்திருக்கலாம்" என்றாள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கிரீம் செப்பரேட்டரை விட்டுவிட வேண்டாம். பாலை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினால் பாலாடை ஒரு குழாயிலும் கொழுப்பெடுத்த பால் இன்னொரு குழாயிலும் வரும். கைப்பிடியில் ஒரு சின்ன மணி. வேகம் போதாமல் சுற்றும் வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும், சரியான வேகம் வந்ததும் நின்றுவிடும். அந்த அம்மா சிறு வயதில் தினம் காலையும் மாலையும் சுற்றியவர். என்னைச் சுற்றச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி நின்றதும், "இப்போது பால் ஊற்றலாம்" என்றார். உள்ளே கூம்பு வடிவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தகடுகள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்திருக்கும். ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, எண் மாறாமல் ஒரு கம்பியில் கோத்துக் காய வைக்க வேண்டும். பால் கறப்பதைவிட அந்தக் கழுவலைத்தான் வெறுத்தாராம். இப்படி ஒரு வாக்கியம் எந்த விளக்க அட்டையிலும் கிடைக்காது. ஆனால் அதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள், யார் சொன்னது, எந்தத் தேதி என்பது உட்பட.

கிரீம் செப்பரேட்டர் வேண்டுமா என்று இன்னும் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்களாம். தையல் இயந்திரம், கால் மிதி ஆர்மோனியமும் அப்படித்தான். தாத்தா வீட்டைக் காலி செய்கிற பேரப் பிள்ளைகளுக்கு எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை. இவர்களிடம் ஏற்கெனவே ஆறு தையல் இயந்திரம். இப்போது ஒரு பக்கக் கொள்கை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே மாதிரிப் பொருள் இனி வேண்டாம், கதையோடு வந்தால் மட்டும் யோசிப்போம். 'நிரந்தர இரவல்' என்று எதையும் வாங்குவதில்லை. பழைய நாளில் அப்படி வாங்கி, கொடுத்தவர் இறந்து, பிள்ளைகள் வந்து திருப்பிக் கேட்டுப் பட்ட பாடு போதும் என்றார் செயலாளர். வேண்டாம் என்று சொல்லத் தெரிவது இந்த வேலையில் பாதி.

குளிரை இவர்கள் பயன்படுத்துகிற விதத்தை நான் குறித்துக்கொண்டேன். கம்பளிப் போர்வை, பழைய கோட்டு எல்லாவற்றிலும் அந்துப்பூச்சி பயம். ஜனவரியில் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, வாயை ஒட்டி, சூடில்லாத கொட்டகையில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். மைனஸ் இருபதுக்குக் கீழே முட்டையும் சாகும். உள்ளே கொண்டு வந்த பிறகு பையை உடனே திறப்பதில்லை. ஒரு முழு நாள் காத்திருந்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் திறக்கிறார்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த துணியில் ஈரம் படிந்துவிடும். ஆனால் அதே குளிர் மரச் சாமானுக்கு எதிரி. உள்ளே ஹீட்டர் ஓடினால் காற்று வறண்டு மேசைப் பலகைகள் வெடிக்கின்றன. வருஷச் செலவில் பெரியது ஹீட்டர் கட்டணமும் காப்பீடும்தான்.

வசந்தத்தில் பூட்டிய கட்டடங்களைத் திறக்கும்போது துடைப்பம் எடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். மான் எலி (டீர் மவுஸ்) என்கிற காட்டெலியின் புழுக்கை காய்ந்து தூசியாகப் பறந்தால், நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸ் தொற்றலாம். கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விட்டு, பிளீச் தண்ணீர் தெளித்து ஊற வைத்து, கையுறையோடு துடைத்து எடுக்கிறார்கள். கோடைக்கு வேலைக்கு வரும் கல்லூரி மாணவிக்கு முதல் நாள் பாடமே இது.

ரயில் பாதையோரம் தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் உயரமான கட்டடம்தான் தானிய எலிவேட்டர். ஊரின் கடைசி எலிவேட்டர் போய்விட்டது. அதன் எடை மேடையும் பெயர்ப் பலகையும் மட்டும் இங்கே. 1930களில் பிரெய்ரி மாகாணங்களில் ஐயாயிரத்துக்கும் மேல் நின்றவை. தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை 1897இல் தொடங்கி, பல வடிவம் மாறி, 1995இல் முடிந்தது. அதோடு கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, மர எலிவேட்டர்களை இடித்தார்கள், கடைகள் போயின. இந்த ஊரின் பள்ளிக்கூடமும் அப்படித்தான் காலியாகி அருங்காட்சியகமானது.

இனி குறை. முதல் மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே அம்பு முனைகள், நடுவில் பள்ளம் வெட்டிய கல் சுத்திகள், காட்டெருமை மண்டை ஓடு ஒன்று. 1930களின் வறட்சியில் காற்று மேல் மண்ணை அள்ளிக்கொண்டு போனபோது வெளியே தெரிந்தவற்றை விவசாயிகள் பொறுக்கி வந்தார்கள். நாற்பது ஐம்பது கற்கள் இருக்கும். அட்டையில் ஒரே ஒரு வரி: 'இந்தியர் கருவிகள்'. இந்த மண்ணின் முதற்குடி மக்களைப் பழைய நாளில் அப்படித்தான் அழைத்தார்கள். எண் இல்லை. எந்த வயல் என்று இல்லை. கீழே கிரீம் செப்பரேட்டரின் தகடு ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தவர்கள், ஆயிரக்கணக்கான வருஷம் இதே மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கனத்தது. இது நான்காம் ஒப்பந்த நிலம். முதற்குடி மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம் 1874இல் ஃபோர்ட் க்யூபெல்லில் கையெழுத்தானது. நில வரைபடத்தின் ஓரத்தில்கூட அந்த ஆண்டு இல்லை. அது இல்லாமல் அந்த 36 சதுரங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வருகிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்? காட்டெருமைகள் சில ஆண்டுகளில் அற்றுப்போய் மக்கள் பட்டினி கிடந்ததும், 1885க்குப் பிறகு அவர்களுக்கென ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தை விட்டு வெளியே போகவே அனுமதிச் சீட்டு கேட்டதும் எந்தச் சுவரிலும் இல்லை.

அந்த அம்மாவிடம் சொன்னேன். மறுக்கவில்லை. பள்ளியில் தானும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். போன வருஷம் அருகிலுள்ள முதற்குடி மக்களின் பெரியவர்கள் இருவரை அழைத்தார்களாம். அவர்கள் முதலில் கேட்டது ஒரு புகைக்குழலைப் பற்றி. கிண்ணத்தையும் தண்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். சேர்த்து வைத்தால் அது விழித்திருக்கிறது என்று பொருள், பிரித்து வையுங்கள், காட்சிக்கும் வேண்டாம் என்றார்களாம். அன்றே பிரித்து, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது, ஏன் எடுத்தோம் என்று ஓர் அட்டை மட்டும். அந்த அட்டைதான் மாடியிலேயே நன்றாக எழுதிய அட்டை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாத விக்டோரியா தினத்திலிருந்து செப்டம்பர் தொழிலாளர் தினம் வரை திறந்திருக்கும், மற்ற மாதங்களில் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணை அழைத்தால் யாராவது சாவியோடு வருவார்கள். கட்டணம் நீங்களாகப் போடுவது, வாசலில் பெட்டி இருக்கிறது, ஐந்து டாலருக்குக் குறையாமல் போடுங்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மாடிக்கு லிஃப்ட் இல்லை, முழங்கால் வலியுள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு திருப்திப்பட வேண்டும். சாப்பாடு கிடையாது, ஆனால் சனிக்கிழமைகளில் சஸ்காட்டூன் பெர்ரி பை விற்கிறார்கள். பணம் கூரைக்குப் போகிறது. கொசு மருந்து கொண்டு போங்கள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை காரை எடுத்துவிட்டார். அந்த அம்மா படியிறங்கி வந்து, பாரலாய்ட் புட்டியும் மெல்லிய தூரிகையும் தன்னிடம் மிச்சம் இருக்கிறது, கற்களைக் கொடுத்த குடும்பங்களில் நான்கு வீட்டார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், வயல் எது என்று கேட்டுச் சொல்ல முடியும் என்றார். எண் எழுத ஒரு கை வேண்டுமாம். வருகிற செவ்வாய்க்கிழமை போகிறேன். மகள் காலை ஏழு மணிக்குக் கொண்டு விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.