சுத்தியலால் தட்டிப் பார்த்து விலை சொன்ன பாஸ்

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் அப்பப்பா 1964இல் கட்டின வீடு எங்களுடையது. மேல்வீடு, கீழ்வீடு என்று இரண்டு குடித்தனம், தட்டைக் கூரை, மூன்றடி நீண்டு நிற்கும் சன்சேட், படியோரம் முழுக்கத் துளைக்கல் சுவர். 1987இல் விறாந்தைத் தூணில் ஷெல் துண்டு அடித்து வெடித்ததைச் சீமெந்து பூசி மறைத்தார்கள், மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது.

போன மாரியில் மேல்வீட்டுச் சீலிங்கில் ஒரு பாளம் கழன்று கட்டிலில் விழுந்தது (நல்லகாலம், அப்பம்மா கோயிலுக்குப் போயிருந்தா). கூப்பிட்ட முதல் இரண்டு கொன்ராக்காரரும் வாசலில் நின்றபடியே "இடிச்சுக் கட்டுங்கோ" என்றார்கள். மூன்றாவதாக வந்த பாஸ் (தலைமை மேசனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) விலையே பேசவில்லை. சின்னச் சுத்தியலோடு ஒன்றரை மணித்தியாலம் சீலிங், தூண், சன்சேட் எல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தார். கணீர் என்றால் விட்டார், டொக்கு என்ற இடமெல்லாம் சோக்கால் வட்டம் போட்டார்.

துருப்பிடித்த கம்பி ஊதும், அந்த ஊதல்தான் கொங்கிறீற்றைப் பிளக்கும், ஆகவே மேலால் பூசுவது வீண்காசு என்றார். சொன்னபடியே கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்குப் பிறகுதான் கலவை. தூண் வெடிப்புக்குள் எபொக்ஸிப் பசையைக் கீழிருந்து மேலாக ஏற்றினார்கள்.

அப்பா கடைசிவரை யோசித்தார். நியூசிலாந்தில் கிறைஸ்ற்சேர்ச்சில் இருக்கிற மச்சான் அனுப்பின படங்கள்தான் அவரை அசைத்தன: கட்டடக் கலைஞர் மைல்ஸ் வாரன் வரைந்து 1957 அளவில் கட்டி முடித்த டோர்செற் வீதிக் குடியிருப்பு, எட்டே எட்டுச் சின்ன வீடுகள், வெள்ளையடித்த கொங்கிறீற் கல். 2011 பெப்ரவரி 22 நிலநடுக்கம் 185 பேரைக் கொண்டுபோன ஊர் அது, எத்தனையோ கட்டடத்தை இடித்தார்கள், இதைத் திருத்தி எடுத்தார்கள். அவர்களுக்கு அடுத்த ஆட்டத்தையும் தாங்கவேண்டும், எங்களுக்கு உப்பு ஒன்றுதான் எதிரி, அப்புறம் ஏன் இடிப்பது?

குறையும் இருக்கிறது. ஆறு கிழமை என்றது பதினொன்று ஆனது. நல்லூர்க் கொடி ஏறின அன்றைக்கு மறைந்த மேசன்மார் 25 நாளும் முடிந்துதான் தலைகாட்டினார்கள். 14 இலட்சம் பேசி 16 கொடுத்தோம். பாஸ் கொங்கிறீற்றில் கெட்டிக்காரர், அழகில் இல்லை. சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மேல் டைல்ஸ், துளைக்கல்லை எடுத்துவிட்டு அலுமினிய யன்னல் என்று ஒவ்வொரு நாளும் அரிப்பு. நாங்கள் இல்லாத ஒரு பின்னேரம் நாலு துளைக்கல்லை உடைத்தும் விட்டார்கள். பலகை அச்சு செய்து வார்த்துத் தந்தார்கள்தான், ஆனால் நிறம் வேறு, கேற்றிலிருந்தே தெரிகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கக் கொட்டியும் சீலிங்கில் ஈரமில்லை. கூப்பிடுவதென்றால் சித்திரை கழிந்த கையோடு கூப்பிடுங்கள், துளைக்கல் பக்கம் வேலை நடக்கும்போது நீங்களே கதிரை போட்டு இருங்கள்.