என் கார்புரேட்டரை நானே விலைக்கு வாங்கினேன்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன வருடம் என் அம்பாசடருக்குக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) மாற்றப் போய் 60,000 ரூபாயைத் தொலைத்தேன். பணம் போனதோடு முடிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வண்டி நடுரோட்டில் தீப்பிடித்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. கையில் ஒழுங்கான பில் இல்லை, நாளைக்கு என் மீதே கேஸ் போட்டாலும் போடுவார்கள். பில் ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

வண்டி 1974 மாடல், மார்க் 2, பெட்ரோல். அப்பா ஓட்டியது. 1,489 சிசி பி.எம்.சி. எஞ்சின், அதில் ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்று. அப்பாவுக்கு எந்த ஒர்க்‌ஷாப் மீதும் நம்பிக்கை கிடையாது. வண்டியை விடுவதற்கு முன் பேட்டரி, ஸ்டெப்னி, டைனமோ என்று கழற்றக்கூடிய எல்லாவற்றிலும் ஆணியால் ‘ரா’ என்று கீறிவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது சிரிப்பாக இருக்கும்.

பிரச்சினை ஐட்லிங்தான். சிக்னலில் நின்றால் எஞ்சின் ஒரு நிலையில் நிற்காது. உறுமும், அப்புறம் இறங்கும், சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடிக்கும்போது சாவியைத் திருகுவதுதான் அவமானம்.

சென்னைக்கு வெளியே, பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் இடம் ஒன்று இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். போனேன். நல்ல வெளிச்சம், சுவரில் பழைய வண்டிப் படங்கள், தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது. (அவ்வளவு சுத்தமான பட்டறையைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.) உரிமையாளர் பானெட்டைத் திறந்தார், ஆக்சிலரேட்டர் கம்பியை மூன்று தடவை இழுத்துவிட்டார், காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

“எஸ்.யூ. எல்லாம் தாத்தா காலத்துச் சாமான் சார். தூக்கிப் போடுங்க. இத்தாலி வெபர் ஒண்ணு வெச்சிருக்கேன், 32/36, ரெண்டு பேரல். போட்டுப் பாருங்க, வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்.”

கணக்கையும் அங்கேயே போட்டார். கார்புரேட்டர் 38,000. அதை உட்கார வைக்க மேனிஃபோல்ட், அடாப்டர் பிளேட் வேலை 11,000. எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் 4,500. ஏர் ஃபில்டர் 3,000. டியூனிங் 5,000. மொத்தம் 61,500. “பழைய கார்புரேட்டரை எக்ஸ்சேஞ்ச்ல 1,500-க்கு எடுத்துக்கறேன், ரவுண்டா 60,000 கொடுங்க” என்றார். ஒன்றுக்கும் உதவாத சாமானுக்கு 1,500 ரூபாயா என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஏமாறுகிற நேரத்தில் மனுஷனுக்கு இந்த மாதிரி ஒரு மகிழ்ச்சி கட்டாயம் வரும் போலிருக்கிறது.

முதல் மூன்று நாள் வண்டி உண்மையிலேயே பறந்தது. பறந்தது என்பதைவிட, பறப்பது போல இருந்தது. வாய் பெரிதான கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே நிறையக் காற்று உள்ளே போய்விடும், பாதி மிதியிலேயே முழு வேகம் கிடைத்துவிடும். மீதிப் பாதியில் ஒன்றும் இருக்காது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். 1.489 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் 2,250 தடவை இழுக்கும், அதாவது சுமார் 3,350 லிட்டர். பழைய எஞ்சின் முழுக்க நிரம்பாது, எண்பது சதவீதம் என்று வைத்தால் 2,680 லிட்டர். கார்புரேட்டர்காரர்கள் பேசும் கன அடிக் கணக்கில் நிமிடத்துக்கு 95. இதற்கு மேல் காற்றைக் கொடுக்கக்கூடிய கார்புரேட்டரை மாட்டினால் எஞ்சின் அதைக் குடிக்கப்போவதில்லை. பெரிய வாயில் காற்று மெதுவாகப் போகும், மெதுவாகப் போகும் காற்று பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சியதைப் பொடியாக உடைக்கவும் செய்யாது. தடுமாறும் அந்த இடத்தை மறைக்க, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டுப் பெட்ரோலை ஊற்றிவிடுவார்கள். எனக்கு நடந்தது அதுதான். இதே 1,489 சிசி எஞ்சினில் இரண்டு எஸ்.யூ. வைத்து எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஓடியதே என்று கேட்கலாம். ஓடியது. ஆனால் அதன் கேம்ஷாஃப்ட் வேறு, கம்ப்ரெஷன் வேறு. கார்புரேட்டர் மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை.

இரண்டாவது வாரம் மைலேஜ் 9-லிருந்து ஐந்தரைக்கு இறங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சருக்குப் பின்னால் சுவரில் கறுப்பு வட்டம். ஒரு நாள் ஆயில் பார்க்க டிப்ஸ்டிக்கை உருவினேன். குறைந்திருக்க வேண்டிய ஆயில் கூடியிருந்தது! மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் கலந்திருக்கிறது. இந்த நிலையில் ஓட்டினால் பேரிங் போய்விடும். அதை அப்போதே சொல்ல ஒருவரும் இல்லை, நானும் ஆயில் மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த மாலை. நெரிசலில் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பெட்ரோல் வாடை வருகிறது, முன்னால் நிற்கும் வண்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பைக்கில் வந்த ஒரு பையன் கண்ணாடியைத் தட்டினான். “அண்ணே, கீழ சொட்டுதுண்ணே.” வண்டியை ஆஃப் செய்து ஓரமாகத் தள்ளி, கொஞ்சம் பொறுத்து பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டரின் தொண்டையிலிருந்து பெட்ரோல் வழிந்து, அடாப்டர் பிளேட் விளிம்பில் ஒரு கோடாக இறங்கி, மேனிஃபோல்டின் பள்ளத்தில் குட்டையாக நின்றது. இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்சாஸ்ட்டும் ஒரே பக்கம். அந்தக் குட்டைக்கு நாலு விரல் தள்ளி எக்சாஸ்ட் மேனிஃபோல்ட், கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பழைய எஸ்.யூ.வுக்குக் கீழே ஒரு தகடு இருந்தது ஞாபகம் வந்தது. சூட்டுக்கும் சொட்டுக்கும் மறைப்பாக வைத்தது. அதையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

வண்டியை டோ செய்து வடபழனியில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், அம்பாசடரிலேயே ஆயுளைக் கழித்தவர். வெபரைக் கழற்றி மேசை மீது வைத்து, முதலில் த்ராட்டில் ஸ்பிண்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு) விரலால் மேலும் கீழும் ஆட்டினார். புதுச் சாமான், கடகடவென்று ஆடியது. பிறகு மெயின் ஜெட்டைக் கழற்றினார். மேலே 140 என்று அடித்திருந்தது.

“வெபர் ஜெட்டுல இந்த நம்பர்தான் ஓட்டையோட அளவு தம்பி. 140-ன்னா 1.40 மில்லிமீட்டர்.” டிராயரிலிருந்து 1.5 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றை எடுத்து, அதன் வழுவழுப்பான பின்பக்கத்தை ஜெட்டுக்குள் விட்டார். நிற்காமல் உள்ளே போயிற்று. வெளிச்சத்தில் காட்டினார். ஓட்டையின் விளிம்பில் பிசிறு, யாரோ கையால் துளை போட்ட தடம்.

அடுத்தது வெபரின் உடம்பில் இருந்த ‘மேட் இன் இத்தாலி’ எழுத்து. வெபர் தொழிற்சாலை பொலோன்யாவில்தான் இருந்தது, ஆனால் 1992-லேயே உற்பத்தியை ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று டப்பா பிரிக்காமல் வரும் அசல் வெபர் ஸ்பெயினில் செய்தது. இத்தாலி என்று எழுதியிருந்தால் அது முப்பது வருடம் பழையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொய்யாக இருக்க வேண்டும். என்னுடையது பளபளவென்று இருந்தது.

பம்ப் இன்னொரு கூத்து. இந்த வகை வெபருக்குள் பெட்ரோல் வருவதை அளவோடு நிறுத்தும் நீடில் வால்வு 3, மிஞ்சிப் போனால் மூன்றரை பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் தாங்கும். கேஜை மாட்டிப் பார்த்தால் பம்ப் கிட்டத்தட்ட 6 கொடுத்தது. ரெகுலேட்டர் கிடையாது. வால்வு என்ன செய்யும், விட்டுக்கொடுத்துவிட்டது. தீப்பொறி நேரத்தை மாற்றிக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் பைப்பை எங்கும் இணைக்காமல் ஒரு ஸ்க்ரூவைத் திணித்து அடைத்திருந்தார்கள். மைலேஜ் விழுந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு அந்தச் சுத்தமான தரைக்குத் திரும்பிப் போனேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள். பிறகு உரிமையாளர் வந்து ஒரே வரியில் முடித்தார்: “இப்ப வர்ற E20 பெட்ரோலுக்கு எந்தப் பழைய வண்டியும் தாங்காது சார், நாங்க என்ன பண்றது?”

இதைக் கேட்டு வாயடைத்துத் திரும்புபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். E20 என்கிற, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய ரப்பர் ஹோஸ், கார்க் கேஸ்கெட் எல்லாம் கெடும், உண்மை. ஆனால் எரிவதைப் பொறுத்தவரை அது எதிர்த் திசையில் போகும். எடைக் கணக்கில் சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், E20-க்கு சுமார் பதின்மூன்றரை போதும். பழைய ஜெட்டில் E20 ஊற்றினால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும், பிளக் வெளுக்கும். என் பிளக் நாலும் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. இதைச் சொன்னதும் அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். “ஜி.எஸ்.டி. போட்டா இன்னும் கூடும் சார்” என்றதும் நானும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று மேலே எழுதிய, பென்சிலில் கூட்டல் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. பணம் முழுக்க ரொக்கம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துக் கேட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் நான் அங்கே பணம் கொடுத்தேன் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? யு.பி.ஐ.யில் ஒரு பாதியாவது அனுப்பியிருந்தால் அதுவே சாட்சியாக நின்றிருக்கும்.

என் பழைய எஸ்.யூ.வையாவது கொடுங்கள் என்றால், ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நண்பர் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். ‘அம்பாசடர் ஒரிஜினல் எஸ்.யூ., நல்ல கண்டிஷன், 9,000.’ கழுவித் துடைத்து வெள்ளித் தட்டில் வைத்த மாதிரி இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிதவைக் கிண்ணத்தின் ஓரத்தில், பாலிஷ் போட்டும் போகாமல், ‘ரா’.

நண்பரை விட்டுப் பேரம் பேசி 8,500-க்கு வாங்கினேன். 1,500-க்கு நான் கொடுத்தது.

பாய் அதைப் பிரித்து ஐந்து நிமிடத்தில் நோயைச் சொல்லிவிட்டார். ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது, அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அதனால்தான் ஐட்லிங் நிற்கவில்லை. அவ்வளவுதான் முதலிலிருந்தே! எஞ்சின் ஓடும்போது ஸ்பிண்டில் முனையில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சினால் ரன்னிங் மாறும். மாறினால் அங்கே லீக். இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். லேத்தில் புஷ் அடித்து, புது ஸ்பிண்டில், ஜெட், நீடில் வால்வு, கேஸ்கெட் போட்டு 7,800 ஆயிற்று. எஸ்.யூ. பெயரில் உதிரிபாகம் இன்றும் இங்கிலாந்தில் சால்ஸ்பரியிலிருந்து புதிதாக வருகிறது, அதனால் ‘சாமான் கிடைக்காது சார்’ என்பதையும் நம்ப வேண்டாம்.

தாத்தா காலத்துச் சாமான்தான், மறுக்கவில்லை. செருப்பு வியாபாரக் குடும்பத்து ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது, ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம்தான் எஸ்.யூ. முதலில் வந்ததில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி இருந்ததாம், செருப்புக்காரர் புத்தி தோலுக்குத்தானே போகும். ஆனால் அதற்குள் இருக்கும் யோசனை அழகானது. எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்டன் தானே மேலே ஏறி வழி விடும், அதோடு சேர்ந்து கூம்பு ஊசியும் ஏறிப் பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் கேட்காத காற்றுக்கு அது வாயைத் திறக்காது.

செட்டிங் போடும்போது பாய் என்னை அருகில் நிற்க வைத்தார். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கச் சொன்னார். எஞ்சின் ஒரு கணம் லேசாக வேகமெடுத்து அடங்கினால் கலவை சரி, ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு. அணையப் பார்த்தது. E20-க்காக அடியில் இருந்த ஆறுமுக நட்டை ஒரு முகம் அளவுக்குத் திருகி இறக்கினார். மறுபடி தூக்கினேன். லேசாக ஏறி, அடங்கியது. மைலேஜ் இப்போது ஒன்பதரை.

அந்த இத்தாலி வெபர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்குப்பையில் கிடக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள், ஒருவர் 12,000 வரை ஏறினார். கொடுக்கவில்லை. பழைய இரும்புக்குப் போட்டாலும் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், துடைத்து, இன்னொரு டப்பாவில் ஏறிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு உட்கார வேண்டும்.