வயதா, வாங்கிய அடியா?

கிருஷ்ணகிரியில் மாங்காய் லாரிகள் போகும் சாலையை ஒட்டிய மைதானத்தில், குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளின் கைக்குத் துணிப்பட்டை சுற்றிவிடும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "அண்ணா, சாம்பியனைச் சாய்ப்பது வயதா, காயமா?"

அமெரிக்கக் குத்துச்சண்டை சாம்பியன்கள் முகமது அலியையும் ஜார்ஜ் ஃபோர்மனையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். 1980இல் லாரி ஹோம்ஸுடன் மோதியபோது அலிக்கு வயது 38தான். ஒரு சுற்றுகூட அவர் பக்கம் இல்லை. பத்தாவது சுற்றோடு அவருடைய பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்தினார். ஃபோர்மனோ 1994இல், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி உலக சாம்பியன் பட்டத்தை மீட்டார்.

வயது முதலில் தின்பது கால்களை. குத்து வருவதைக் கண் பார்த்துவிடும்; தலை விலகத்தான் இமைப்பொழுது தாமதமாகும். அலியின் ஆட்டமே கால்களிலும் விலகலிலும் இருந்தது. ஃபோர்மனின் சொத்து கைவலு; அது கடைசியாகத்தான் போகும். மேலும், இடையில் பத்தாண்டு அவர் மேடையே ஏறவில்லை. அலியோ 1975இல் மணிலாவில் ஃபிரேசியரிடம் 14 சுற்று அடி வாங்கினார். வென்ற ஆட்டம்தான், ஆனால் அதன்பிறகும் ஆறு ஆண்டு ஆடினார். 1984இல் அவருக்கு மூளையைப் பாதிக்கும் பார்கின்சன் நோய் உறுதியானது.

எனக்கு வயதைவிட அடிதான் பயம். தலையில் பலமாக வாங்கிய பையன் "ஒன்றுமில்லை அண்ணா" என்று சிரித்தாலும், கையுறையைக் கழற்றி வாங்கி வைத்துவிடுவேன். மருத்துவர் சொல்லும்வரை திருப்பித் தருவதில்லை.