அறுவை அரங்கில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய புத்தகம்

கடலூரில் அறுவை அரங்கச் செவிலியராக இருக்கிறேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கிடைத்தது, பாஸ்டன் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் ‘தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’ (2009). தான்சானியாவின் இஃபகாரா, டெல்லி, மணிலா உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்த, அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பாக்கும் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின் (செக்லிஸ்ட்) கதை இது. அங்கே சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், இறப்பு 1.5 லிருந்து 0.8 ஆகவும் குறைந்தன.

அந்தப் பட்டியலின்படி, கத்தி வைப்பதற்கு முன் அரங்கிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். முடிந்ததும் பஞ்சு, ஊசி எண்ணிக்கையைச் செவிலியர் வாய்விட்டு உறுதிசெய்ய வேண்டும். எங்கள் குரலுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த மருத்துவரை எழுத்தில் பார்த்ததில் மனம் நிறைந்துவிட்டது! தம் கையாலேயே ஒரு நோயாளியின் பெருஞ்சிரை (இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக்குழாய்) கிழிந்ததையும், பட்டியலைச் சரிபார்த்ததால் முன்கூட்டியே ரத்தம் தயாராக இருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்தப் பக்கங்களை மூச்சுவிடாமல் படித்தேன்.

விமானம், கட்டடத் துறைகளில் இத்தகைய பட்டியல்கள் பயன்படுவது பற்றிய அத்தியாயங்கள் கொஞ்சம் நீளம். ஆங்கிலம் எளிமையானது, நர்சிங் மாணவிகள் தயங்காமல் வாங்கலாம்.